ஏரிக்கரை ஸ்டாப்பில் எப்போது ரைட் கொடுப்பது

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக அல்சூர் பக்கம் பஸ் ஏறினேன். புதிதாக விட்டிருக்கும் மின்சார பஸ். சத்தமும் இல்லை, கண்டக்டரும் இல்லை. டிரைவரே டிக்கெட் கொடுக்கிறார், அவரே கதவை மூடுகிறார், அவரே கிளம்புகிறார். ஒரு ஸ்டாப்பில் நான் என்னை அறியாமல் சட்டைப் பையில் விசிலைத் தேடினேன். பக்கத்தில் இருந்த பெண் நான் சில்லறையைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அலுப்பும் வந்தது. ரிடையர் ஆனால் உடம்புக்கு ஓய்வு என்கிறார்கள். இந்தக் கைக்கு யார் போய்ச் சொல்வது?

என் வேலைக்காலம் முழுவதும் இந்த ஊரில் சிட்டி பஸ் கண்டக்டராக இருந்தேன். வீடு ஜீவனஹள்ளியில், டெப்போவுக்கு நடக்கிற தூரம். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் பெஞ்சில் உட்காரவைத்துக் கன்னடத்தில் விதிமுறை சொன்னார்கள், பிறகு ஒரு சீனியர் பின்னால் கூட்டத்தில் தள்ளிவிட்டார்கள். விசில் ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. ரைட் கொடுக்கும் வரை டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. முன் கதவில் ஏறும் பெண்கள் கால் வைத்துவிட்டார்களா என்று பின்னால் நிற்கும் நான் பார்க்க வேண்டும். அதை நம்பித்தான் அவன் கிளட்சை விடுவான். மீதியெல்லாம் ரோடு சொல்லிக்கொடுத்தது.

கண்டக்டருக்கு டிரைவரின் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். என்னோடு அதிக காலம் ஓட்டியவன் கௌதமன். மர்பி டவுன்காரன், என் வயதுதான், மச்சான் என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வோம். பசியா, கோபமா, முந்தின நாள் வீட்டில் சண்டையா, எல்லாம் எனக்கு அந்த முதுகிலேயே தெரிந்துவிடும்.

நஞ்சுண்டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. டெப்போவில் யாருக்கு எந்த வண்டி, எந்த ரூட் என்று டியூட்டி போடுகிறவர். நிமிர்ந்து பார்க்க மாட்டார். மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் பாக்கு. "ஏனப்பா" என்று ஆரம்பித்தால் திட்டு, "பாரப்பா" என்று ஆரம்பித்தால் வேலை. கன்னடக்காரர்தான், ஆனால் எங்களோடு ஒரு மாதிரி தமிழ் பேசுவார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் சாவு நடந்து திரும்பி வரும் டிரைவர்களுக்கு என்று அவரிடம் ஒரு முறை இருந்தது. எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. கவுண்டரில் துக்கம் விசாரிக்க மாட்டார், வேறு யாரையும் விசாரிக்க விடமாட்டார். "டீ குடிச்சாயா?" என்பார். பிறகு மூலையில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டியைக் காட்டி, அதை ரிவர்ஸிலேயே கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய் விடச் சொல்வார். தானும் வெளியே வந்து வெயிலில் நின்று பார்ப்பார். வண்டியைப் பார்க்க மாட்டார், டிரைவரின் தலையைப் பார்ப்பார். இடது கண்ணாடிப் பக்கம் அந்தத் தலை திரும்புகிறதா?

"துக்கத்துல இருக்கறவன் முன்னாடி நல்லாத்தான் ஓட்டுவான்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "பின்னாடி வர்றது அவனுக்குத் தெரியாது."

பசவராஜு என்று ஒருவன், அப்பா இறந்து திரும்பி வந்தவன், எப்போதும் போல எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டு வண்டியில் ஏறினான். நேராகப் பின்னால் போய் டீசல் போடும் இடத்துக் கம்பி வேலியைச் சாய்த்துவிட்டான். நஞ்சுண்டப்பா சத்தம் போடவில்லை. வேலியை நிமிர்த்த ஆள் அனுப்பிவிட்டு, அவனைக் கொஞ்ச நாள் டெப்போவுக்குள்ளேயே வண்டி நகர்த்தும் வேலையில் வைத்தார். ரோட்டுக்கு விட்டபோது அவனுடைய பழைய கண்டக்டரையே கூட அனுப்பினார். தெரிந்த விசில் காதில் விழட்டும் என்பது அவர் கணக்கு.

இனி கௌதமனின் விஷயம்.

அவனுக்கு ஒரே பெண், மாயா. காக்ஸ் டவுன் பக்கம் ஒரு காலேஜில் பி.காம் படித்தாள். கௌதமன் காலை டியூட்டிக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவான், அவ்வளவு சீக்கிரம் சாப்பாடு ஆகாது. அதனால் மாயா காலேஜுக்குக் கிளம்பும்போது அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரை ஸ்டாப்புக்கு வந்து நிற்பாள். எங்கள் வண்டி சிவாஜிநகரில் இருந்து வரும். முன் கதவில் ஏறி, டிபனை எஞ்சின் மூடி மேல் வைத்து, பக்கத்துக் கம்பியில் வளையலால் ஒரு தட்டு தட்டுவாள். அப்பன் திரும்பிப் பார்க்க மாட்டான், கண்ணாடியில் மட்டும் பார்ப்பான். நான் ரைட் கொடுப்பேன். வருஷக்கணக்கில் தினமும் நடந்தது இவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் கொடுக்க டெப்போவில் இருந்து போனவர்களில் பாதிப் பேர் வழியிலேயே திரும்பினார்கள். அதற்குள் முடிந்துவிட்டது.

கௌதமனுடையது பௌத்தக் குடும்பம். அடக்கத்துக்கு முன் ஒரு பிக்கு வந்து ஓதினார், அதோடு சரி. எங்கள் வீடுகளில் பால் தெளி, காரியம், கருமாதி என்று ஆளை ஓடவைத்தே பாதி அழுகையை விழுங்கவைத்துவிடுவார்கள். அங்கே அப்படி ஓட ஒன்றும் இல்லை. நாங்கள் ஷாமியானா கட்டினோம், நாற்காலி இறக்கினோம், தண்ணீர் கேன் மாற்றினோம். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வந்தவர்கள் எல்லாம் அவன் தோளைத் தொட்டு, மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சல் வந்தது. எதை வைத்துத் தேற்றிக்கொள்வான்?

என் மனைவி சரசு மட்டும் எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாளெல்லாம் இங்கிருந்து சோறு கொண்டுபோனாள். அவன் வேலைக்குத் திரும்பிய பிறகு என் டிபனோடு இன்னொரு டிபன் கட்டினாள். "குடுத்துடுங்க. ஒண்ணும் பேசாதீங்க," என்றாள்.

நஞ்சுண்டப்பா வழக்கம் போல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். கௌதமனின் தலை இடது கண்ணாடிப் பக்கம் திரும்பியது. திரும்பி, அங்கேயே நின்றது. வண்டி போய்ச் சேர்ந்த பிறகும் அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். நஞ்சுண்டப்பா வெகுநேரம் பாக்கை மென்றார். கொஞ்ச நாள் டெப்போவுக்குள் வைத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "பாரப்பா, உன்கூட அனுப்பறேன். அதே ரூட்," என்றார்.

ரூட்டை மாற்றச் சொல்லி யூனியன்காரர்கள் கேட்டிருந்தார்கள். நானும் அதுதான் நல்லது என்று நினைத்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் காலை ஏரிக்கரை ஸ்டாப். கீழே யாரும் இல்லை. கௌதமன் வண்டியை ஓரம் கட்டினான். முன் கதவைத் திறந்தான். இறங்கவும் ஆள் இல்லை, ஏறவும் ஆள் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்ணாடியைப் பார்த்தான். நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதினால் போய்விடுவான், எனக்குத் தெரியும். விதிக்குக் கட்டுப்பட்டவன். ஊதாவிட்டால் சாயந்திரம் வரைக்கும் அங்கேயே நிற்பான். என் வேலையில் அதுவரை இரண்டு விசில் அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

"ரீ கண்டக்டர், ரைட் ஹோகி! ஆஃபீஸ் லேட் ஆகுத்தே!" என்று, வண்டியைக் கிளப்பச் சொல்லி ஒருவர் கத்தினார். நான் சில்லறை எண்ணுவது போல நடித்தேன். இன்னொருவர் சீட்டைத் தட்டினார். கடைசியில் ஊதினேன். முதுகு ஒருமுறை குலுங்கியது, வண்டி நகர்ந்தது.

தினமும் இப்படித்தான். யாராவது நின்றிருந்தாலும் அவர்கள் ஏறிய பிறகு நிற்பான். எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது. எவ்வளவு நேரம் விடுவது, எப்போது ஊதுவது, சீக்கிரம் ஊதினால் பாவமா, தாமதித்தால் பாவமா என்று புரண்டேன். துக்கத்தில் இருக்கிறவனுக்குத் துணை இருப்பது புண்ணியம் என்பார்கள். அது எவ்வளவு அசதி என்று யாரும் சொன்னதில்லை. சில காலை நேரங்களில் அந்த ஸ்டாப் வருவதற்குள் எனக்கே இறங்கி ஓடிவிடலாம் போல இருக்கும்.

என் வார விடுப்பு அன்று சிவண்ணா என்பவர் மாற்று கண்டக்டராகப் போனார். நல்ல மனிதர், அதுதான் வினை. கௌதமனைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஏரிக்கரை ஸ்டாப் வரும் முன்பே இரண்டு விசில் ஊதிவிட்டார். இறங்க ஆள் இல்லை, போ என்று அர்த்தம். கௌதமன் பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டான். ஸ்டாப் தாண்டிப் போனது. சிவண்ணா முன்னால் வந்து, "மறந்து விடி சார், எல்லா மறந்து விடி," என்று தன் அரைகுறைத் தமிழில் ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார்.

கௌதமன் வண்டியை அப்படியே நடுரோட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி, ஸ்டாப்பை நோக்கித் திரும்பி நடந்தான். பின்னால் ஹார்ன் சத்தம். ஜனம் இறங்கித் திட்டியது. ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்தார். இவன் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டானாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி.

அந்த வீடியோ ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டீயரிங்கில் இருந்து இறக்கி கேட் டியூட்டியில் உட்காரவைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அப்படி இறக்கினால் திரும்ப ஏற்ற மாட்டார்கள்.

அன்று சாயந்திரம் கௌதமனின் மனைவி வசந்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூட வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, அவரு வீட்ல வாயே தொறக்கறதில்ல. காலையில அந்த காக்கிச் சட்டைய மாட்டும்போதுதான் மனுஷனா தெரியறாரு. அதையும் புடுங்கிட்டாங்கன்னா நான் ரெண்டு பேரையும் வாரிக் குடுத்தவளா ஆயிடுவேன். எப்படியாவது அவர ஓட்ட வையுங்கண்ணா."

சரசு அவளை உள்ளே இழுத்துப்போனாள். நான் ஒரு கண்டக்டர். ஊதத் தெரியும், டிக்கெட் கிழிக்கத் தெரியும்.

மறுநாள் நஞ்சுண்டப்பாவின் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிராமலே கேட்டார்: "அந்த ஸ்டாப்ல எவ்வளவு நேரம் நிக்கறீங்க?"

"நான் ரைட் குடுக்கற வரைக்கும் சார்."

"நீ எப்போ குடுக்கறே?"

"ஜனங்க கத்தறப்போ சார்."

பாக்கு மெல்வது நின்றது. "ஏனப்பா, ஜனங்க சொல்லியா நீ ரைட் குடுக்கறே?" என்றார். கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவருக்கு என்ன, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டுவிடுவார்.

அடுத்த காலை சிவாஜிநகரில் கூட்டத்தோடு ஒரு குரங்குக் குல்லாய் ஏறியது. மூக்கு நுனிக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் யாரென்று தெரிந்தது. அவர் டெப்போவை விட்டு வெளியே வந்தே நான் பார்த்ததில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு, பின் கதவுப் பக்கம் என் அருகில் கம்பியைப் பிடித்து நின்றார். முன்னால் இருந்த கௌதமனுக்குத் தெரியாது. இவர் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் அவன் கதை அன்றோடு முடிந்தது.

ஏரிக்கரை ஸ்டாப் வந்தது. யாரும் இல்லை. வண்டி ஓரம் கட்டியது, முன் கதவு திறந்தது, கௌதமனின் தலை கண்ணாடிப் பக்கம் திரும்பியது. பயத்தில் நான் உடனே விசிலை எடுத்தேன். நஞ்சுண்டப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிடித்த கையை விடவில்லை.

வழக்கமான குரல் எழும்பியது. "ரீ, ஏனு நித்தே மாட்தா இதாரா டிரைவரு? ஹோகி ரீ!" தூங்குகிறாரா டிரைவர், கிளம்பச் சொல்லு என்று.

நஞ்சுண்டப்பா குல்லாயைக் கழற்றினார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. பஸ் முழுவதும் கேட்கச் சொன்னார்:

"ஒந்து நிமிஷ இரி. ஒப்பரு பர்பேக்கு."

ஒரு நிமிஷம் இருங்கள், ஒருத்தர் வர வேண்டும்.

அவ்வளவுதான். கத்தியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், யாரோ ஓடி வருகிறார்கள் என்று. முன் சீட்டில் இருந்த ஒரு பூக்கார அம்மா, ஏறுகிறவருக்கு வழி விட வேண்டுமே என்று தன் கூடையைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டாள். திறந்த கதவு வழியாக ஏரிக்காற்று வந்தது. கௌதமனுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, நெற்றி ஸ்டீயரிங்கில் போய்ப் படிந்தது. அடக்கம் நடந்த அன்று கூட அழாதவன் அழுதான். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் எங்களுக்குக் கேட்டது. பூக்கார அம்மா எழுந்து போய் அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொடவில்லை, பேசவும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு முன்னால் இருந்து அவன் குரல் வந்தது.

"ரைட் குடு மச்சான்."

இத்தனை வருஷத்தில் டிரைவர் கேட்டு நான் ரைட் கொடுத்ததில்லை. விசிலை வாயில் வைத்தேன், காற்று வரவில்லை. நஞ்சுண்டப்பாதான் பஸ் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். வண்டி கிளம்பியது.

ஜீவனஹள்ளியில் இறங்கும்போது குல்லாயைத் திரும்ப மாட்டிக்கொண்டு என்னிடம், "ஸ்டாப் இருக்குது, பஸ் நின்னுது. இதுல என்னப்பா கம்ப்ளைண்ட்?" என்றார். மேலே இருப்பவர்களிடம் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கௌதமனை ஸ்டீயரிங்கில் இருந்து யாரும் இறக்கவில்லை.

அதோடு அவன் ஆறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். ரிடையர் ஆகும் வரை அந்த ஸ்டாப்பில் நின்றுதான் போனான். ஒன்று மட்டும் மாறியது. அன்றிலிருந்து நான் முந்திக்கொண்டு ஊதவில்லை. சில நாள் கதவு திறந்ததும் கேட்டுவிடுவான், சில நாள் வெகுநேரம் ஆகும். மாயாவின் பிறந்த நாளன்று ரொம்ப ஆகும். அவன் கேட்ட பிறகு நான் கொடுப்பேன். தினம் வருகிற ஜனங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புதிதாக யாராவது கத்தினால் பக்கத்து சீட்டுக்காரரே அதட்டி உட்காரவைப்பார்.

நஞ்சுண்டப்பா ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போய்விட்டார். போகும் நாளில் கௌதமன் அவர் முன்னால் போய் நின்றான். அவர் நிமிர்ந்து கூடப் பார்க்காமல், "டீ குடிச்சாயா?" என்றாராம்.

சரசு போன மழைக்காலத்தில் போய்விட்டாள். காலையில் மார்பு வலிக்கிறது என்றாள், ஆட்டோ வருவதற்குள் என் கையிலேயே முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் என் தோளைத் தொட்டு, மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது, அவர்களுக்கும் வேறு வார்த்தை கிடையாது.

சாயந்திரம் டீ போடுவது வேலை நாளிலிருந்தே என் பொறுப்பு. ஷிப்ட் முடிந்து வந்து நான் போடுவேன், அவள் உட்கார்ந்து குடிப்பாள். இப்போதும் போடுகிறேன். டம்ளர் இரண்டு வைத்துவிடுகிறேன். மறதி இல்லை, எனக்குத் தெரிந்துதான் வைக்கிறேன். மகனும் மருமகள் கவிதாவும் என்னோடுதான் இருக்கிறார்கள், தங்கமான பிள்ளைகள். ஆனால் அந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்தால் அவர்களுக்குத் தாங்குவதில்லை. கவிதா நான் பார்க்காத சமயம் எடுத்துப்போய் ஊற்றிவிடுவாள். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.

கௌதமன் இப்போதெல்லாம் மர்பி டவுனில் இருந்து சாயந்திரம் ஆனால் வந்துவிடுகிறான். தினமும் அவனுக்கு என்று மூன்றாவது ஒரு டம்ளர் எடுப்பேன். எதிரில் உட்கார மாட்டான். எனக்கு முன்னால் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். பழக்கம் அப்படி. அதிகம் பேசமாட்டோம்.

நேற்று கவிதா வந்து அந்த டம்ளரில் கை வைத்தாள். "போதும் மாமா, பாக்கப் பாக்க உங்களுக்குத்தான் கஷ்டம்," என்றாள். குரல் உடைந்திருந்தது, அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது.

கௌதமன் திரும்பாமலே சொன்னான்.

"வச்சுடும்மா. கொஞ்சம் இரு. ஒருத்தர் வரணும்."

அவள் என்னைப் பார்த்தாள், அவன் முதுகைப் பார்த்தாள், டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். டீ ஆறி ஆடை கட்டியது. தெருவில் விளக்கு போட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை, நான் ரைட் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.